மணிச்சத்தைத் தேடி எடுக்கும் நெல்

டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் என எதை இட்டாலும், அதிலுள்ள மணிச்சத்து முழுவதும் பயிருக்குக் கிடைப்பதில்லை. அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நஷ்டம் விவசாயிக்குத்தான்.

இதற்கு ஒரு வழியைக் காட்டியது 'கசலத்' என்ற இந்தியப் பாரம்பரிய நெல். மணிச்சத்து குறைந்த நிலத்திலும் தாக்குப்பிடிக்கும் இந்த ரகத்தில், இளம் பருவத்திலேயே வேரைப் பெருக்கும் 'பிஸ்டால்-1' மரபணு இருப்பதை, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 2012-ல் அறிவித்தனர். நவீன ரகங்கள் பலவற்றில் இது இல்லை. வழக்கமான கலப்பின முறையிலேயே ஐ.ஆர்.64 போன்ற ரகங்களில் இதைச் சேர்க்கலாம்.

ஆனால், வேர் மண்ணில் இருப்பதைத்தான் எடுக்கும், இல்லாததை உண்டாக்காது. எனவே மண் பரிசோதனை செய்து, தேவையான அளவு உரமிடுவதே நல்லது. பழைய விதை என்று எதையும் ஒதுக்கிவிடவும் வேண்டாம்.