கூடிக் கற்கும் பழக்கம்

தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக் கழகம் புகுவது இன்று அரிய செய்தி அன்று. ஆனால் புகுந்தவருட் சிலர் முதலாண்டிலேயே தளர்ந்து விடுகின்றனர். காரணம் யாதெனின், உழைப்புப் போதாது, அடிப்படை போதாது, வீட்டில் ஊக்குவிப்பார் இல்லை என்று உடனே சொல்லி விடுகிறோம். இக்காரணங்களைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சியை ஈண்டு எடுத்துரைத்தல் தகும்.

அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், 1970களில், கறுப்பின மாணவர் பலர் நுண்கணிதப் பாடத்தில் தோல்வியுற்றனர். சீன வழி மாணவரோ சிறந்து விளங்கினர். யூரி டிரைஸ்மன் என்பார் ஆசிரியர்களை வினவினார். நாம் கூறும் அதே காரணங்களையே அவர்களும் கூறினர். அவர் அதனோடு அமையாது, இரு சாராரிலும் 20 பேரைத் தெரிந்தெடுத்து, அவர்கள் படிக்கும் முறையை உடனிருந்தே கண்டார்.

கறுப்பின மாணவர் சோம்பர் அல்லர். ஆசிரியர் விதித்தபடி வாரம் 8 மணி நேரம் தவறாமல் படித்தனர். ஆனால் தனியே படித்தனர். அவர்களுக்குப் படிப்பு வேறு, நட்பு வேறு. ஒரு கணக்கு வாராதபோது, குறை தம்மிடத்தா, அல்லது அஃது எல்லார்க்கும் கடினமா என்று அறிய வழியில்லை. சீன மாணவரும் முதலில் தனித்தே படித்தனர். பின்னர் மாலையில் கூடி, ஒருவர் விடையை மற்றவர் திருத்தினர். அவர்கள் செலவிட்டது ஏறத்தாழ 14 மணி நேரம்.

பின்னர் டிரைஸ்மன் செய்ததே ஆசிரியர்கள் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. பின்தங்கியோர் எனின் எளிய பயிற்சியை நீட்டுவது நம் வழக்கம். அவரோ கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாகச் செய்ய வைத்தார். அக்குழுக்களில் சேர்ந்த கறுப்பின மாணவரின் தேர்ச்சி பெரிதும் உயர்ந்தது.

கூட்டத்தில் ஏட்டை மூடிவிட்டுப் பிறர்க்கு விளக்க வேண்டியிருக்கிறது. பயன் அங்கேதான் பிறக்கிறது என்பது என் துணிபு. ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவர் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்கு அரண் செய்கிறது. ஒரு பகுதியை இருமுறை படித்தவர், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தி நின்றனர். ஒரு வாரம் கழித்தோ, அவர்கள் நினைவில் 42 விழுக்காடே நின்றது. ஒருமுறை படித்து, பின் பாராமல் எழுதிப் பார்த்தவர்க்கு 56 விழுக்காடு நின்றது.

நம் தோட்டத்துப் பிள்ளை வகுப்பில் முதலாகத் தேறியவன். கதவைச் சாத்திப் படித்தே வென்றவன். 'எனக்கு விளங்கவில்லை' என்று தோழனிடம் சொல்ல நாணுகிறான். மூவர் நால்வர் கூடினால் போதும். ஆனால் ஒவ்வொருவரும் தனியே முயன்று பார்த்துவிட்டே வரவேண்டும். வெறுங்கையோடு வருபவன் பிறர் விடையைப் பெயர்த்தெழுதிக்கொண்டு போவான். தோழி வீட்டிற்குப் படிக்கப் போகிறேன் என்னும் மகளை, ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள் என்று தடுக்கும் பெற்றோர் இன்னும் உளர். அவர்களிடம் இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு ஆசிரியராகிய நம்முடையது.