கல்லாய்ச் சமைந்த கடல் உயிரி

பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்துக் களிமண் மேடுகளில், செம்மறிக் கிடாயின் கொம்பு போல் சுருண்ட கற்கள் கிடைக்கின்றன. இவை சிற்பி செதுக்கியவை அல்ல; அம்மோனைட் என்னும் கடல் உயிரியின் ஓடுகள் கல்லாக மாறியவை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது என்பதற்கு இவை சாட்சி.

அம்மோனைட், கணவாயின் உறவினம். ஓட்டை நெடுக அறுத்தால் பல அறைகள் தெரியும். கடைசி அறையில் மட்டுமே உயிரி வசித்தது. வளர வளரப் பின்னால் சுவர் எழுப்பி முன்னே நகர்ந்தது. அடைபட்ட அறையிலிருந்த நீரை ஒரு மெல்லிய குழாய் வெளியேற்ற, அங்கே வாயு நிரம்பியது. ஓடு, உடல், வாயு மூன்றும் சேர்ந்த சராசரி அடர்த்தி கடல்நீரின் அடர்த்தியை ஒட்டி அமைந்தது. ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, அதிகச் சிரமமின்றி அது நீரினுள் மிதந்தது. நீர்மூழ்கிக் கப்பலின் தத்துவமும் இதுதானே!

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த காலத்தில், அம்மோனைட்டுகளும் மறைந்தன. அவற்றுள் பல இனங்கள் குறுகிய காலமே வாழ்ந்தவை. ஆகவே, கிடைக்கும் இனத்தைக் கொண்டு பாறையின் வயதைக் கணிக்கலாம்.

ஆனால் அதற்கு, அது எந்த ஊரில், எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பு அவசியம். திருச்சி வட்டாரத்துத் தொல்லுயிர் எச்சங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்து வெளியிட்டார். இன்று அரியலூர் அருகே வாரணவாசியிலேயே இவற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் உள்ளது. அங்கே சென்றால், கல்லோடு அதன் பெயர்ச்சீட்டையும் படியுங்கள்.

மாணவர்களே, வயலில் சுருள் கல்லைக் கண்டால் அலமாரிக்கு அழகென்று எடுத்து வராதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். கிடைத்த இடம் தெரியாத கல், பேச்சிழந்த சாட்சி.