ஆய்வாளர் ஒருவர், பெயர்கள் பல: எல்லைக் கல்லூரிகளுக்குத் தேவை ஒருங்கிணைந்த ஆய்வுப் பதிவேடு

புதுதில்லி: மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் சர்வதேச ஆய்விதழ்களைப் படிப்பதற்காக "ஒரு நாடு, ஒரு சந்தா" திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25-ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் இதில் அடங்கும்.

பிறர் எழுதியதைப் படிக்க வழி பிறந்துவிட்டது. ஆனால், நமது ஆசிரியர்கள் எழுதியவை எவை, அவை எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு விடை காண்பது அத்தனை எளிதல்ல. இந்தச் சிக்கலின் முழு உருவத்தைக் காண வேண்டுமெனில், தலைநகரிலிருந்து கேரளத்தின் தென்கோடிக்குச் செல்ல வேண்டும். பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தின் எல்லைக் கிராமங்கள் அதற்குச் சரியான உதாரணம்.

எல்லைக் கோடும் இரு பல்கலைக்கழகங்களும்

1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. விளவங்கோட்டை அடுத்துள்ள நெய்யாற்றின்கரை வட்டம், பாறசாலை உள்பட, கேரளத்தில் நீடித்தது. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர்களின் நடுவே மாநில எல்லை அமைந்தது.

அந்தக் கோடு கல்வியையும் பிரித்தது. 1937-இல் தொடங்கப்பட்ட திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் 1957-இல் கேரளப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. குமரி மாவட்டக் கல்லூரிகளோ சென்னை, மதுரை பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்துவிட்டு, 1990-இல் திருநெல்வேலியில் தொடங்கப்பட்ட மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. பாறசாலையை ஒட்டிய தனுவச்சபுரத்தில் உள்ள வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரியும், எல்லைக்கு இப்பால் மார்த்தாண்டத்தில் உள்ள நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரியும் 1964-இல் தொடங்கப்பட்டவை. அடுத்தடுத்த வட்டாரங்களில் உள்ள இவை இரண்டும் வெவ்வேறு பல்கலைக்கழகங்களுடன் இணைந்தவை.

இப்பகுதியில் ஒருவர் எல்லைக்கு அப்பால் பட்டம் பெற்று, இப்பால் ஆய்வு முடித்து, மீண்டும் அப்பால் ஆசிரியராவது வியப்புக்குரியதல்ல. ஆனால், அவரது ஆய்வேடு ஒரு பல்கலைக்கழக நூலகத்திலும், பணிப் பதிவு வேறொரு பல்கலைக்கழக அலுவலகத்திலும், கட்டுரைகள் பல்வேறு இதழ்களிலும் சிதறிவிடுகின்றன.

பெயரில் தொடங்கும் குழப்பம்

சிதறியவற்றைச் சேர்க்க முற்பட்டால், முதல் தடை பெயர்தான். தமிழகத்தில் தலைப்பெழுத்துகள் பெயருக்கு முன்னால் வரும். கேரளத்தில் பெரும்பாலும் பின்னால் வரும். தங்கராஜ் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். இதிலுள்ள "ங்க" ஒலியை ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழகத்தில் "என், ஜி" எழுத்துகளையும், கேரளத்தில் "என், கே" எழுத்துகளையும் பயன்படுத்துவது வழக்கம். பள்ளிச் சான்றிதழ் ஒரு மாநிலத்திலும் பணி ஆணை மறு மாநிலத்திலும் பெற்றவருக்கு, ஆவணங்களில் இரண்டு பெயர்கள் அமைந்துவிடக்கூடும். கணினியைப் பொருத்தவரை அவர் இரண்டு மனிதர்கள்.

இது இன்றைய பிரச்னை மட்டுமல்ல. 1891-இல் "மனோன்மணீயம்" நாடகத்தை வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியவர். திருவிதாங்கூர் மன்னர்களின் கல்வெட்டுகளை ஆராய்ந்து ஆங்கிலத்தில் வரலாற்று நூலும் எழுதியவர். தமிழ் நூல்களைத் தேடுவோருக்கு அவர் மனோன்மணீயம் சுந்தரனார். ஆங்கில நூல்களைத் தேடுவோருக்கு அவர் பி. சுந்தரம் பிள்ளை. அவர் பணியாற்றிய நகரம் எல்லைக்கு ஒருபுறமும், அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் மறுபுறமும் உள்ளன. நாடகாசிரியரும் வரலாற்றாய்வாளரும் ஒருவரே என்று பட்டியலில் இணைத்துக் காட்டும் வேலையைக் கணினி தானாகச் செய்துவிடாது. அது நூலகரின் வேலை.

சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், இந்தியப் பெயர்களை நூற்பட்டியலில் எவ்வாறு பதிவது என்பதற்கு விதிகள் வகுத்தவர். ஒருவரது பல பெயர் வடிவங்களையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவரும் முறை, கணினிக்கு முன்பே நூலகங்களில் இருந்தது. 2012-இல் நடைமுறைக்கு வந்த "ஆர்கிட்" என்னும் 16 இலக்க சர்வதேச ஆய்வாளர் எண், அதே பணியைக் கணினி உலகில் செய்கிறது.

காந்திநகரில் உள்ள கருவிகள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் குஜராத்தின் காந்திநகரில் இயங்கும் "இன்ஃப்ளிப்நெட்" மையம் இதற்கான கருவிகளை உருவாக்கியுள்ளது. ஆய்வேடுகளின் மின்னணுப் படிகளைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று மானியக் குழு 2009-இல் விதித்தது. அவற்றைச் சேமிக்கும் "ஷோத்கங்கா" களஞ்சியத்தில் இன்று 5 லட்சத்துக்கும் அதிகமான ஆய்வேடுகள் உள்ளன. ஆசிரியர்கள், வல்லுநர்களின் விவரங்களைத் தொகுப்பது "வித்வான்" தரவுத்தளம்.

இந்த வரிசையில் வந்ததே "ஐரின்ஸ்" எனப்படும் இந்திய ஆய்வுத் தகவல் வலைப்பின்னல் அமைப்பு. பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து உருவாக்கப்பட்ட இச்சேவை, கல்வி நிறுவனங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஆசிரியரின் ஆர்கிட் எண், ஸ்கோபஸ் எண் போன்றவற்றை இணைத்துவிட்டால், அவரது கட்டுரைகளின் விவரங்களைத் திரட்டி ஒரே பக்கத்தில் காட்டும்.

இத்தகைய அமைப்புகள் நூலகத்தில் பிறப்பது புதிதல்ல. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2003-இல் "விவோ" என்ற ஆய்வாளர் தகவல் அமைப்பைத் தொடங்கியது அங்குள்ள நூலகம்தான். விவரங்களைச் சரிபார்த்து ஒழுங்குபடுத்துவது நூலகரின் பொறுப்பு. சம்பளப் பட்டியல், பணியாளர் பதிவேடு, தேர்வு அலுவலகம் ஆகியவற்றின் கணினிகளோடு அதை இணைப்பதும் பாதுகாப்பதும் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் பொறுப்பு. ஒன்றின்றி மற்றொன்று முழுமை பெறாது. கணினிப் பிரிவு மட்டும் இறங்கினால் இரு தங்கராஜ்கள் அப்படியே இருப்பர். நூலகம் மட்டும் இறங்கினால், ஆசிரியர் இடம் மாறிய செய்தியும் ஓய்வு பெற்ற செய்தியும் பதிவேட்டை எட்டாது.

தமிழில் எழுதினால் கணக்கில் வருமா?

எல்லைப் பகுதிக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். தேசிய தரவரிசைக் கட்டமைப்பு, ஆய்வு வெளியீடுகளை எண்ணுவதற்கு ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்களை நாடுகிறது. தமிழிலும் மலையாளத்திலும் வெளியாகும் ஆய்விதழ்களில் மிகப் பெரும்பாலானவை அவற்றில் இல்லை. கட்டுரைகளுக்கு உரிய மின்னணு அடையாள எண்ணும் பலவற்றில் இல்லாததால், தானியங்கித் திரட்டலில் அவை அகப்படுவதில்லை. இயற்பியல் பேராசிரியரின் பக்கம் தானாக நிரம்பும். தமிழ்ப் பேராசிரியரின் பக்கம் வெறுமையாக நிற்கும்.

இது பெருமை சார்ந்த விஷயம் மட்டுமன்று. பணி உயர்வு சார்ந்தது. மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள், ஏற்கப்பட்ட இதழில் வெளியாகும் ஒவ்வொரு கட்டுரைக்கும் மொழி, கலைப் பாடங்களில் 10 மதிப்பெண்ணும், அறிவியல் பாடங்களில் 8 மதிப்பெண்ணும் வகுத்தன. எந்த இதழை ஏற்பது என்று சொல்ல "கேர்" பட்டியல் இருந்தது. இந்திய மொழி இதழ்களுக்கும் அதில் இடம் இருந்தது. அந்தப் பட்டியல் கைவிடப்படுவதாக 2025 பிப்ரவரியில் மானியக் குழு அறிவித்தது. தரமான இதழ்களை இனி அந்தந்தக் கல்வி நிறுவனங்களே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆக, ஒரு தமிழ் ஆய்விதழை நெல்லையில் ஏற்று, திருவனந்தபுரத்தில் மறுக்கும் நிலை எழ வாய்ப்புள்ளது. எல்லைக்கு இருபுறமும் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பொருத்தவரை இது நேரடி பாதிப்பு. எந்த இதழ் ஒழுங்காக வெளிவருகிறது, எது பணம் பெற்றுக்கொண்டு அச்சிடுகிறது என்பதை அறிய, இதழ்களை ஆண்டுக்கணக்கில் வாங்கி அடுக்கிய நூலகங்களைவிடத் தகுந்த இடம் வேறில்லை. அவர்களது குறிப்பு இரு பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக அமைந்தால் குழப்பத்துக்கு இடமிராது.

எழுத்துருவும் ஒரு தடை. ஒருங்குறி பரவலாகும் முன் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் ஆய்வேடுகள் பலவகை எழுத்துருக்களில் உள்ளன. அவற்றில் ஒரு சொல்லைத் தேடினால் கணினி விழிக்கும். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. அதற்கு முந்தைய ஆய்வேடுகளை மாற்றித் தர கணினி வல்லுநரும், மாற்றியது சரியா என்று பார்க்கத் தமிழறிந்த நூலகரும் ஒரே மேஜையில் அமர வேண்டியுள்ளது.

நாடாளுமன்றத்தின் இரு சட்டங்கள்

2023 ஆகஸ்டில் இரண்டு மசோதாக்கள் ஒரே நாள்களில் நாடாளுமன்றத்தைக் கடந்தன. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை மசோதாவும், எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவும் 7-ஆம் தேதி மக்களவையிலும், 9-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறின. முன்னது ஆய்வுக்கு நிதி வழங்கும் அமைப்பை உருவாக்கியது. பின்னது தனிநபர் விவரங்களைக் கையாள்வோருக்குக் கடமைகளை விதித்தது.

ஆய்வுப் பதிவேடு இவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறது. நிதி கோருபவர் தமது முந்தைய ஆய்வுகளைக் காட்ட வேண்டும். அதேவேளையில் அவரது பிறந்த தேதி, கைப்பேசி எண் போன்றவை பொதுவெளிக்குச் செல்லத் தேவையில்லை. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற விதியை நூலகமும் கணினிப் பிரிவும் ஆசிரியரின் சம்மதத்துடன் முன்கூட்டியே வகுத்துக்கொள்வது அவசியம்.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. காந்திநகரின் மென்பொருள் இலவசம். ஆர்கிட் எண் பெறவும் ஆய்வாளர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு நூலகர், ஒரு கணினிப் பணியாளர், அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம், இரு பல்கலைக்கழகங்களும் ஒப்புக்கொண்ட ஒரு பெயர் விதி ஆகியவையே தேவை. பிறரது ஆய்வுகளைப் படிக்க ஆண்டுக்கு ரூ. 2,000 கோடி என்ற அளவில் செலவிடும் நாடு, எல்லையோரக் கல்லூரி ஆசிரியர் தமிழில் எழுதிய கட்டுரை அவர் பெயரில் பதிவாவதையும் உறுதி செய்ய வேண்டும்.