வெண்புள்ளி மறைந்தால் நோய் தீர்ந்ததா?

மாணவர்களே, கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒன்றைப் பார்ப்போம். கடையிலிருந்து புதிதாக ஒரு டோரி மீனை வாங்கி வருகிறார்கள். பவளங்களும் கோமாளி மீன்களும் இறால்களும் இருக்கும் தொட்டியில் அதை விடுகிறார்கள். சில நாட்களில், உப்பைத் தூவியதுபோல் அதன் உடலில் நான்கைந்து வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. மீன் பாறையில் உடம்பை உரசுகிறது. வீட்டார் பதறிப்போய், கையில் கிடைத்த ஒரு மருந்தை ஊற்றுகிறார்கள். ஐந்தாம் நாள் புள்ளிகள் மறைகின்றன. எல்லாருக்கும் நிம்மதி.

ஆனால், ஓரிரு வாரங்களில் தொட்டியிலுள்ள எல்லா மீன்களின் உடலிலும் புள்ளிகள் நிறைந்துவிடுகின்றன. அவை நீரின் மேற்பரப்புக்கு வந்து மூச்சு வாங்குகின்றன. பிறகு ஒவ்வொன்றாகச் சாகின்றன.

அந்த மருந்து பாதி வேலை செய்ததா? இல்லை. மருந்தே ஊற்றாமல் இருந்திருந்தாலும் அந்தப் புள்ளிகள் ஏறக்குறைய அதே நாளில்தான் மறைந்திருக்கும். ஏன் என்று புரிந்துகொண்டால், இந்த நோயை எப்படி வெல்வது என்பதும் புரிந்துவிடும்.

யார் இந்த ஒட்டுண்ணி?

இந்நோயை உண்டாக்குவது ஒரே ஓர் உயிரணுவாலான உயிரி. அதன் பெயர் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ். பாரமீசியத்தைப் போலவே இதன் உடலைச் சுற்றியும் நுண்மயிர்கள் உண்டு. அவற்றை அசைத்துத்தான் நீந்துகிறது. ஜப்பானில் சிகாமா என்ற ஆய்வாளர் 1937இல் கடல்மீன்களின் வெண்புள்ளி நோயைப் பற்றி எழுதினார். 1951இல் பிரவுன் என்ற ஆய்வாளர் இவ்வுயிரிக்குப் பெயர் சூட்டினார். 'இரிட்டன்ஸ்' என்றால் எரிச்சலூட்டுவது. மீன் உடம்பை உரசுவதை நினைத்தால் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது.

நன்னீர் மீன்களுக்கும் வெண்புள்ளி நோய் வரும். அதை உண்டாக்குவது வேறோர் உயிரி. இரண்டும் பார்வைக்கும் வாழும் முறைக்கும் ஒன்றுபோல் இருந்தாலும் நெருங்கிய உறவினர் அல்ல. ஆகவே, நன்னீர்த் தொட்டிக்குச் சொல்லப்படும் வைத்தியத்தை அப்படியே கடல்மீன் தொட்டியில் செய்யக்கூடாது.

நான்கு பருவங்கள்

முதலாவது, உண்ணும் பருவம். ஒட்டுண்ணி மீனின் தோலுக்கும் செவுளின் மேல்படலத்துக்கும் அடியில் புகுந்துகொள்கிறது. அங்கே மீனின் உயிரணுக்களைத் தின்று, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் வரை வளர்கிறது. நாம் காணும் வெண்புள்ளி இதுதான். இந்தப் பருவம் பெரும்பாலும் 3 முதல் 7 நாட்கள் நீடிக்கும். மீனின் தோலே போர்வையாக இருப்பதால், நீரில் கலந்த மருந்து ஒட்டுண்ணியை எட்டுவதில்லை.

இரண்டாவது, உதிரும் பருவம். வயிறு நிறைந்ததும் ஒட்டுண்ணி தானாகவே மீனை விட்டு வெளியேறும். இது பெரும்பாலும் இருட்டில் நடக்கும். தொட்டியின் அடியில் சில மணி நேரம் ஊர்ந்து, தங்குவதற்கு இடம் தேடும். புள்ளிகள் மறைவது இப்போதுதான்.

மூன்றாவது, கூட்டுப் பருவம். மணல், பாறை, கண்ணாடி, நத்தையின் ஓடு என எதன்மீதாவது ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி உறுதியான கூட்டைக் கட்டிக்கொள்ளும். உள்ளே ஓர் உயிரணு பல முறை பிரிந்து, 200 குஞ்சுகள் வரை உருவாகலாம். இந்தக் கூட்டையும் மருந்து துளைக்காது. எல்லாக் கூடுகளும் ஒரே நேரத்தில் திறப்பதும் இல்லை. சில மூன்றே நாட்களில் திறக்கும். சில பல வாரங்கள் காத்திருக்கும். 72 நாட்கள் கழித்துத் திறந்த கூடுகளும் ஆய்வில் பதிவாகியுள்ளன.

நான்காவது, தேடும் பருவம். கூட்டிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஓரிரு நாட்களுக்குள் ஒரு மீனைக் கண்டுபிடிக்காவிட்டால் அவை இறந்துவிடும். வெளிவந்த சில மணி நேரத்திலேயே அவற்றின் தொற்றும் திறன் குறையத் தொடங்கும். அதனால்தானோ என்னவோ, பெரும்பாலானவை விடியலுக்கு முந்தைய இருட்டில் வெளிவருகின்றன. அந்நேரத்தில் மீன்கள் அடித்தளத்துக்கு அருகே அசையாமல் உறங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு சிறு கணக்கு

ஒரு கூட்டிலிருந்து 200 குஞ்சுகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்று மட்டும் மீனைப் பிடித்தால் ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை ஏறாது, இறங்காது. 10 குஞ்சுகள் பிடித்தால் எண்ணிக்கை ஒவ்வொரு சுற்றிலும் பத்து மடங்காகும். 10 புள்ளிகள் அடுத்த சுற்றில் 100, அதற்கடுத்த சுற்றில் 1,000. கோவிட்-19 காலத்தில், ஒரு நோயாளி எத்தனை பேருக்குத் தொற்றைப் பரப்புகிறார் என்று கணக்கிட்டார்களே, அதே கணக்குத்தான்.

இயற்கையான பவளப்பாறையில் வாழும் மீன்களிடமும் இந்த ஒட்டுண்ணி உண்டு. ஆனால், பரந்த கடலில் குஞ்சுகள் சிதறிப்போகின்றன. அவற்றில் மிகச் சிலவே மீனைக் கண்டுபிடிக்கின்றன. இரண்டு மூன்று அடி நீளத் தொட்டியில் மீனால் எங்கும் தப்பியோட முடியாது. ஒட்டுண்ணி அதேதான், இடம்தான் மாறியிருக்கிறது.

மீன் எப்படி இறக்கிறது?

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. மீனின் இரத்தத்தில் உப்பின் செறிவு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். எனவே, சவ்வூடு பரவலால் மீனின் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டக் கடல்மீன் நீரைக் குடிக்கிறது. அதோடு வரும் அதிக உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது.

ஒட்டுண்ணிகள் தோலைத் துளைத்தால் நீரிழப்பு கூடும். செவுளில் புகுந்தால் உப்பை வெளியேற்றும் வேலையும் மூச்சு விடும் வேலையும் சேர்ந்து கெடும். காயங்கள் வழியே பாக்டீரியாவும் நுழையும். தோலில் புள்ளிகள் குறைவாக இருந்தும் செவுள் நிறைய ஒட்டுண்ணிகள் இருக்கலாம். ஆகவே, புள்ளிகளை எண்ணுவதைவிட, மீன் வேகமாக மூச்சு விடுகிறதா, உணவை ஒதுக்குகிறதா என்று கவனிப்பதே மேல்.

ஏன் தொட்டியிலேயே மருந்து ஊற்றக்கூடாது?

இந்நோய்க்குப் பலகாலமாகப் பயன்படும் மருந்து செம்பு. அது தேடும் பருவத்துக் குஞ்சுகளைக் கொல்லும். தேவையான அளவு, ஒரு லிட்டர் நீருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு அயனிகள். 100 லிட்டர் தொட்டிக்குக் கணக்குப் போட்டால் 20 மில்லிகிராமைத் தாண்டாது. அது ஏறக்குறைய ஓர் அரிசி மணியின் எடை. குறைந்தால் குஞ்சுகள் பிழைக்கும், கூடினால் மீன் சாகும்.

ஆனால், அதே செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். மேலும், பவள மணலும் பாறையும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. அவை செம்பை ஈர்த்துக்கொள்வதால் நீரில் அதன் அளவு குறைந்துகொண்டே போகும். மீனைக் காப்பாற்றப் போய்ப் பவளத்தை இழந்து, கடைசியில் மீனையும் காப்பாற்ற முடியாமல் போகும். எனவே, முதல் வேலை மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றுவது. புள்ளி இல்லாத மீன்களும் சேர்ந்தே போக வேண்டும்.

இந்தச் சிகிச்சைத் தொட்டியில் மணலோ பாறையோ வேண்டாம். மீன் ஒளிந்துகொள்ளச் சில பிவிசி குழாய்த் துண்டுகள் போதும். அதில் மூன்று வழிகளில் ஒன்றைப் பின்பற்றலாம்.

முதல் வழி, செம்பு. அளவைச் சோதனைக் கருவியால் நாள்தோறும் பார்த்து, 3 முதல் 6 வாரங்கள் வரை தொடர வேண்டும். எல்லாக் கூடுகளும் ஒரே நாளில் திறப்பதில்லை என்பதால்தான் இவ்வளவு காலம். கடையில் கிடைக்கும் செம்பு மருந்துகளின் வேதி வடிவங்கள் வேறுபடும். ஆகவே, புட்டியில் உள்ள அளவைப் படித்து, பெரியவர்கள் துணையோடு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது வழி, உப்பைக் குறைப்பது. சில நாட்களில் படிப்படியாக லிட்டருக்கு 15 கிராம் அளவுக்கு உப்பை இறக்கினால் பெரும்பாலான மீன்கள் தாங்கும், ஒட்டுண்ணி தாங்காது. ஆனால், குறைந்த உப்பிலும் பிழைக்கும் ஒட்டுண்ணி வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. இவ்வழி எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது வழியில் மருந்தே இல்லை. 1980களில், செங்கடல் கரையிலுள்ள ஏலாத் நகரில் ஆய்வு செய்த ஆஞ்செலோ கொலோர்னி இதை விளக்கினார். மூன்று நாட்களுக்கு ஒருமுறை மீனைச் சுத்தமான வேறொரு தொட்டிக்கு மாற்ற வேண்டும். இப்படி நான்கு முறை. மீனிலிருந்து உதிர்ந்தவை பழைய தொட்டியில் கூடு கட்டும். அவை திறப்பதற்குள் மீன் அங்கே இருக்காது. பழைய தொட்டியைக் கழுவி முழுவதும் உலர்த்தினால் கூடுகள் அழியும். ஒட்டுண்ணியின் கால அட்டவணையையே அதற்கு எதிரான ஆயுதமாக்கும் வழி இது.

பவளத் தொட்டியை என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். பவளமும் இறாலும் வழக்கம்போல் இருக்கட்டும். மீன் மட்டும் ஒன்றுகூட இருக்கக்கூடாது. கூடுகளிலிருந்து வரும் குஞ்சுகளுக்கு ஓம்புயிர் கிடைக்காது. இறாலையும் பவளத்தையும் அவை தொற்றுவதில்லை. 72 நாள் பதிவை மனத்தில் கொண்டு, பலர் 11 வாரம் வரை காத்திருக்கிறார்கள். நோயைவிடக் கடினம் இந்தப் பொறுமைதான்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நோயிலிருந்து பிழைத்த மீன்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வரும். அவை ஒன்றிரண்டு ஒட்டுண்ணிகளோடு நலமாகவே காணப்படலாம். அந்தத் தொட்டியில் புதிதாக விடும் மீனுக்குத்தான் நோய் வரும். பழியும் அதன் மேலேயே விழும்.

வருமுன் காக்க, புதிய மீனை 4 முதல் 6 வாரம் தனிமைப்படுத்திக் கவனிக்க வேண்டும். புதிய பவளத்தின் அடியிலும் கூடுகள் ஒட்டியிருக்கலாம் என்பதால் அதையும் மீனில்லாத தொட்டியில் வைக்க வேண்டும். ஒரே வலையை இரண்டு தொட்டிகளுக்குப் பயன்படுத்தக்கூடாது.

நம் சாப்பாட்டுத் தட்டு வரை

இது அழகு மீன்களோடு நிற்கும் நோய் அல்ல. கடலில் மிதவைக் கூண்டுகளில் வளர்க்கப்படும் சியாக்காப், கெராப்பு மீன்களையும் இதே ஒட்டுண்ணி தாக்குகிறது. ஒரு கூண்டில் ஆயிரக்கணக்கான மீன்கள் நெருங்கி வாழ்கின்றன. கூண்டுக்கு அடியில் ஆழம் குறைவாக இருந்து, நீரோட்டமும் மந்தமாக இருந்தால், அந்த இடமும் ஒரு பெரிய தொட்டியைப் போலாகிவிடும்.

டிங்கியை நினைத்துப் பாருங்கள். புகையடித்தால் பறக்கும் ஏடிஸ் கொசுக்கள் சாகும். தேங்கிய நீரிலுள்ள முட்டைகளும் புழுக்களும் தப்பிவிடும். அதனால்தான் புகையடித்த பிறகும் பூச்சாடித் தட்டிலுள்ள நீரைக் கொட்டச் சொல்கிறார்கள். ஒரு பருவத்தை மட்டும் பார்த்து நோய் ஒழிந்தது என்று முடிவு செய்யக்கூடாது.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. ஒருவர் எல்லா மீன்களையும் வெளியே எடுத்தார். ஆனால், தொட்டியை இரண்டு வாரம் மட்டுமே மீனில்லாமல் வைத்தார். என்ன நடக்கலாம்? எந்தப் பருவத்தை அவர் மறந்துவிட்டார்?

2. இன்னொருவர் 11 வாரம் காத்திருந்தார். ஆனால், பாறை இடுக்கில் ஒளிந்திருந்த ஒரு சிறு மீனை எடுக்காமல் விட்டுவிட்டார். அவருடைய காத்திருப்பு பலன் தருமா? நான்கு பருவங்களையும் வட்டமாக வரைந்து, உங்கள் விடையை விளக்குங்கள்.