ஊருக்கெல்லாம் நோட்டீஸ் அடித்த அச்சகக்காரர் "மஞ்சள் நோட்டீஸ்" கொடுத்த கதை!
தாலி தப்பியது, மனை போனது, மச்சான் மாட்டிக்கொண்டார்!

சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு குறுகலான சந்து. அங்கே ஒரு மாடிப்படிக்கு அடியில் பத்துக்குப் பதினெட்டு அடியில் ஓர் அறை. இப்போது அதில் தண்ணீர் கேன்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். 2021-ம் வருடம் வரை அது அச்சகம். 32 வருடங்கள் அங்கே மிஷின் ஓடியது.

கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பில் புக், கோவில் திருவிழா நோட்டீஸ், "வீடு வாடகைக்கு" நோட்டீஸ் என்று பேட்டைக்கே அடித்துக் கொடுத்தவர் அதன் உரிமையாளர். இன்று அவர் சென்னை ஐகோர்ட்டில் "திவாலானவர்" என்று அறிவிக்கப்பட்டவர்.

"பேரு மட்டும் போடாதீங்க சார். மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை" என்ற நிபந்தனையோடு அந்தக் குடும்பம் பேசியது. விவரம் வருமாறு:-

ட்ரெடில் முதல் ஆப்செட் வரை

1989-ல் ஒரு பழைய ட்ரெடில் மிஷினோடு தொழிலை ஆரம்பித்தார். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் காலம். ஒரு கம்பாசிட்டர், ஒரு மிஷின்மேன், ஒரு பைண்டர். தை மாதமும் ஆவணி மாதமும் ராத்திரி இரண்டு மணி வரை விளக்கு எரியும்.

ஊரெல்லாம் ஆப்செட்டுக்கு மாறியபோது இவரும் மாறவேண்டி வந்தது. 2014-ல் வங்கிக் கடனில் மினி ஆப்செட் மிஷின் வாங்கினார். மனைவியின் தம்பி, மாநகர பஸ் கண்டக்டர், ஜாமீன் கையெழுத்துப் போட்டார்.

"மாமா, எங்க கையெழுத்துப் போடணும்னு கேட்டான். படிச்சுக்கூடப் பார்க்கலை. அக்கா வீட்டுக்காரர்னு அவ்வளவு நம்பிக்கை" என்றார் அச்சகக்காரர்.

அடி மேல் அடி

2016 நவம்பர் 8-ந்தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அந்த சீசனில் கல்யாணப் பத்திரிகைக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் பாக்கியைக் கொடுக்க முடியவில்லை. பலர் பத்திரிகை எண்ணிக்கையையே பாதியாகக் குறைத்துவிட்டார்கள்.

2017 ஜூலை 1-ந்தேதி ஜி.எஸ்.டி. வந்தது. புது நம்பர் போட்ட பில் புக்குக்கு முதல் மூன்று மாதம் நல்ல கூட்டம். ஆனால் அதற்குப் பிறகு கடைக்காரர்கள் ஒவ்வொருவராக கம்ப்யூட்டர் பில்லுக்குப் போய்விட்டார்கள். அச்சகத்துக்கு அன்றாடச் சோறு போட்டது பில் புக்தான். அதுவும் போயிற்று.

இன்னொரு பக்கம் வாட்ஸ்அப். ஆயிரம் பத்திரிகை அடித்த வீட்டில் "சாமிக்கு வைக்க, சம்பந்திக்குக் கொடுக்க நூறு போதும்" என்றார்கள்.

2020 மார்ச் 25-ந்தேதி ஊரடங்கு. கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. ஷட்டர் மூடியிருந்தாலும் கடை வாடகை ஓடியது, வட்டியும் ஓடியது.

தண்டலும் மீட்டரும்

வங்கித் தவணை தவறக்கூடாது என்பதற்காக தண்டல்காரரிடம் போனார். 10 ஆயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 கொடுப்பார். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்டவேண்டும். அந்தத் தண்டலைக் கட்ட இன்னொரு தண்டல். அதைக் கட்ட மீட்டர் வட்டி. ஒரு நாள் தவறினால் வட்டிக்கு வட்டி ஏறும். ஆட்டோ மீட்டராவது வண்டி ஓடினால்தான் வேகமாக ஓடும். இது தூங்கும்போதும் ஓடும்!

மனைவியின் 22 சவரன் நகை ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போய், திரும்பாமலேயே மூழ்கிவிட்டது.

2021-ல் கணக்குப் பார்த்தபோது நின்ற கடன் இது:-

வங்கிக்கு 9 லட்சம். ஆண்டர்சன் தெரு பேப்பர் கடைக்கு 3 லட்சத்து 40 ஆயிரம். சீட்டில் எடுத்த பாக்கி 2 லட்சம். தண்டல், மீட்டர் வட்டி 4½ லட்சம். ஆட்களுக்குச் சம்பள பாக்கி 60 ஆயிரம். சொந்தக்காரர்களிடம் கைமாற்று 3 லட்சம். மொத்தம் 22½ லட்சம்!

"காலையில பால்காரர் பெல் அடிச்சாக்கூட நெஞ்சு அடிச்சுக்கும். இவரு கட்டிலுக்குப் பின்னால போய் நின்னுக்குவாரு. 'அப்பா இல்லை'ன்னு சொல்ல புள்ளையைப் பழக்கிட்டோம்" என்று சொல்லும்போது மனைவி கண்ணைத் துடைத்துக் கொண்டார்.

ஒரு நாள் வட்டிக்காரரின் ஆட்கள் வாசலில் நின்று கத்தினார்கள். மகள் நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். தண்டல், மீட்டர் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி என்று பெயர் சொல்லியே தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லிருந்து இருக்கிறது. மூன்று வருடம் வரை ஜெயில், 30 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். புகார் போனதும் வாசல் சத்தம் நின்றது. ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்று செக் வட்டிக்காரர் கையில் இருந்தது!

"மனையை மாத்தி எழுதிடு!"

பொன்னேரி பக்கம் ஒரு சிறு மனை இருந்தது. மகள் கல்யாணத்துக்கென்று நல்ல காலத்தில் வாங்கிப் போட்டது.

"ஐ.பி. கொடுக்கறதுக்கு முன்னாடி மனையை மச்சான் பேருக்கு மாத்தி எழுதிடு. ஒரு பய தொட முடியாது" என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். பத்திரம் எழுத நாள்கூடக் குறித்துவிட்டார்கள்.

வக்கீல் தடுத்தார். திவாலாகும் முன்பு இரண்டு வருடத்துக்குள் பணம் வாங்காமல் சும்மா எழுதிக் கொடுத்த சொத்து எதுவும் செல்லாது. ஐகோர்ட்டு அதிகாரி அதை ரத்து செய்ய வைத்து எடுத்துக்கொள்ளலாம். சொத்தை ஒளித்தது தெரிந்தால் ஜெயிலும் உண்டு.

அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கடைசியில் மனைவிதான் முடிவு சொன்னார்: "ஏற்கெனவே என் தம்பி ஒரு கையெழுத்துல மாட்டிக்கிட்டு நிக்கறான். இன்னொரு கையெழுத்து வாங்கி அவனை ஜெயிலுக்கும் அனுப்பணுமா? மனை போகட்டும்."

1909 சட்டம்!

திவால் சென்னைக்குப் புதிதல்ல. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தபோது ஆயிரக்கணக்கானவர்களின் சேமிப்பு போயிற்று. முதலாளி சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மோசடி வழக்கில் ஜெயிலுக்குப் போனார். அந்த அதிர்ச்சியிலிருந்துதான் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது.

1909-ல் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கென்று ஒரு திவால் சட்டம் வந்தது. மற்ற ஊர்களுக்கு 1920-ல் வேறு சட்டம். 2016-ல் புது திவால் சட்டம் வந்தாலும், தனி மனிதர்களுக்கான அதன் பகுதி கம்பெனிகளுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரிலிருந்து அமலுக்கு வந்தது. அதாவது கம்பெனிக்கு 2016 சட்டம். சந்துக் கடைக்கு 1909 சட்டம்!

சென்னைவாசிகள் ஐகோர்ட்டில் மனு போடவேண்டும். வெளியூர்க்காரர்கள் அந்தந்தப் பகுதி கோர்ட்டில் போடவேண்டும். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனு போடலாம். யார் யாருக்கு எவ்வளவு கடன், என்ன சொத்து என்று ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்து, கணக்குப் புத்தகங்களையும் ஒப்படைக்கவேண்டும். கடன்காரர்களுக்கு நோட்டீஸ் போகும். இதைத்தான் ஜனங்கள் "மஞ்சள் நோட்டீஸ்", "மஞ்சக் கடுதாசி" என்கிறார்கள்.

இவர் 2021-ல் மனு போட்டார். 2022-ல் கோர்ட்டு இவரைத் திவாலானவர் என்று அறிவித்தது. அன்று முதல் இவருடைய சொத்து "அபீஷியல் அசைனி" என்ற ஐகோர்ட்டு அதிகாரியின் கைக்குப் போய்விட்டது.

எது போகும்? எது போகாது?

சொத்து போகும் என்றால் சட்டி பானை கூடவா? இல்லை. தொழில் கருவி, உடுத்தும் துணி, படுக்கை, சமையல் பாத்திரம் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் 1909-ல் அதற்குப் போட்ட வரம்பு மொத்தம் 300 ரூபாய். இன்றைக்கு 300 ரூபாய்க்கு ஒரு நல்ல குக்கர் கூட வராது!

தாலி? மத வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத நகையை ஜப்தி செய்யக்கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. 22 சவரன் போன வீட்டில் அது ஒன்றுதான் மிச்சம்.

ஜெயில்? கடனைக் கட்ட வழியே இல்லாத ஏழையை, கட்டவில்லை என்பதற்காக மட்டும் சிறையில் போடக்கூடாது என்று 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர்.

ஆனால் செக் கேஸ் வேறு. அது கிரிமினல் வழக்கு. திவால் மனு அதைத் தடுக்காது. இரண்டு வருடம் வரை தண்டனை உண்டு. வட்டிக்காரர் அந்த வெற்று செக்கில் 2 லட்சம் என்று எழுதி வழக்குப் போட்டார். பிறகு லோக் அதாலத்தில் பேசி 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு முடித்தார்கள். மகள் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறார். அவர் சம்பளத்திலிருந்து மாதம் 5 ஆயிரம் வீதம் 24 மாதம் கட்டி முடித்தார்.

50 ரூபாய் கடன்!

கோர்ட்டு விடுதலை கொடுக்கும் வரை, தான் திவாலானவர் என்பதைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் குற்றம். ஆறு மாதம் வரை ஜெயில். எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலுக்கும் நிற்க முடியாது.

"தேர்தலுக்கு நானா நிக்கப் போறேன்? அண்ணாச்சி கடைதான் எனக்குப் பிரச்சினை" என்று சிரித்தார் அச்சகக்காரர்.

மளிகைக் கடை அண்ணாச்சியிடம் மனைவியே போய் விஷயத்தைச் சொன்னார். "அதெல்லாம் பேப்பர்லயே பாத்துட்டேன்மா. நோட்டுல எழுதிட்டுப் போங்க. மாசம் பொறந்தா கொடுங்க" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டாராம்.

ரூபாய்க்கு ஆறணா

ஆப்செட் மிஷின் வங்கியின் பேரில் ஈடாக இருந்ததால் வங்கியே எடுத்து 3 லட்சத்து 25 ஆயிரத்துக்கு விற்றுக்கொண்டது. 2024-ல் மனை ஏலம் போயிற்று. செலவு போக, கடன்காரர்களுக்குப் பிரித்தபோது ரூபாய்க்கு சுமார் 37 காசு தேறியது. அந்தக் காலக் கணக்கில் ஆறணா. அரசாங்க பாக்கிக்கும், ஒரு வரம்பு வரை ஆட்கள் சம்பளத்துக்கும் சட்டத்தில் முன்னுரிமை உண்டு.

பேப்பர் கடைக்காரருக்கு 3 லட்சத்து 40 ஆயிரத்தில் கிடைத்தது ஒன்றேகால் லட்சம். "பாதிப் பேரு ராத்திரியோட ராத்திரியா பூட்டைப் போட்டுட்டு ஊரை விட்டே ஓடிடறான். இந்த மனுஷன் கோர்ட்டுல நின்னு கணக்குச் சொன்னாரு. அதுக்கு மேல என்ன கேக்கறது?" என்றார் அவர். இப்போது அச்சகக்காரர் வேலை பார்ப்பதே அவர் கடையில்தான். பேப்பர் எண்ணிக் கட்டுப்போடும் வேலை.

ஜாமீன் மட்டும் தீரவில்லை

விடுதலை கேட்டுப் போட்ட மனு நிலுவையில் இருக்கிறது. குறித்த காலத்தில் இந்த மனுவைப் போடாமல் விட்டால் கோர்ட்டு திவால் அறிவிப்பையே ரத்து செய்யலாம்; எல்லாக் கடனும் திரும்ப உயிர் பெற்றுவிடலாம். "ஐ.பி. கொடுத்தாச்சு, வேலை முடிஞ்சுது" என்று பலர் ஏமாறுவது இங்கேதான் என்கிறார் வக்கீல்.

விடுதலை கிடைத்தால் பழைய கடன்களில் பெரும்பாலானவை இவரைவிட்டுப் போகும். ஆனால் ஜாமீன் போட்டவரை விட்டுப் போகாது. வங்கிக்குப் போக மிச்சம் சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம் இப்போது கண்டக்டர் தம்பியின் தலையில். வங்கி தவணை போட்டுக் கொடுத்திருக்கிறது. மாதம் 6 ஆயிரம், ஐந்து வருடம்.

ஒன்றரை வருடம் அக்கா வீட்டுப் படி அவர் ஏறவில்லை. தீபாவளிக்குக்கூட வரவில்லை.

அக்கா இப்போது வீட்டில் ஜாக்கெட் தைக்கிறார். மாதம் பிறந்தால் தம்பியின் கணக்குக்கு 3 ஆயிரம் ரூபாய் போகிறது. தவணையில் சரிபாதி.

சட்டப்படி இவருக்கு அந்தக் கடன் கிடையாதே என்று கேட்டதற்கு, தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் அவர் சொன்ன பதில்:

"கோர்ட்டு அவரைத்தான் விடும். என்னை யாரு விடறது? அவன் என் தம்பி."