பழைய காருக்கு ஆயில் சீல் எங்கே?
வண்டிப் பெயரைச் சொன்னால் கிடைக்காது. அளவைச் சொன்னால் கிடைக்கும்!

குண்டடம் பக்கத்தில் ஒரு தோட்டம். தோட்டத்துச் சாளையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு பழைய அம்பாசிடர் கார் தூசி படிந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா வாங்கிய கார். வீட்டில் கல்யாணம் வருகிறது. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் காரைத்தான் எடுக்க வேண்டும் என்று பேரனுக்கு ஆசை.

கொங்கு நாட்டில் இப்படி நிற்கும் கார்கள் ஒன்று இரண்டு அல்ல.

காரைத் தள்ளிக்கொண்டு வந்து வெளியே நிறுத்துகிறார்கள். புது பேட்டரி வைக்கிறார்கள். எஞ்சின் உறுமுகிறது. குழந்தைகள் கை தட்டுகிறார்கள். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால், கார் நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு! எஞ்சினுக்குக் கீழே ஒன்று. நடுவில் ஒன்று. பின் சக்கரத்துக்கு உள்பக்கம் இன்னொன்று.

"எண்ணெய்தானே? குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். முதல் இரண்டு சொட்டுக்கு அப்படிச் சொல்லலாம். மூன்றாவது சொட்டு ஆபத்தானது.

பின் அச்சில் இருக்கும் எண்ணெய், சீல் கெட்டுப்போனால் சக்கரத்தின் பக்கம் வழியும். அங்கேதான் பிரேக் டிரம் இருக்கிறது. எண்ணெய் பிரேக் கட்டையில் ஊறிவிட்டால், மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. ஒரு சக்கரத்தில் மட்டும் ஊறினால் இன்னும் மோசம். ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றது வழுக்கும். கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். கல்யாண வீட்டுக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு பல்லடம் ரோட்டில் போகும்போது இது நடந்தால் என்ன ஆகும்?

இத்தனைக்கும் காரணம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் வளையம்!

தோல் பதனிட்டவர் செய்த சாமான்

ஆயில் சீல் என்பது என்ன? ஒரு தகர வளையம். அதன் உள்பக்கம் மெல்லிய ரப்பர் உதடு. அந்த உதட்டைச் சுற்றி, தலைமயிர் போன்ற கம்பியில் செய்த சிறு ஸ்பிரிங். சுழலும் தண்டை இந்த உதடு மெல்லப் பிடித்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் வெளியே வராது. தூசி உள்ளே போகாது.

முதலில் இது ரப்பரில் வரவில்லை, தோலில்தான் வந்தது. ஜெர்மனியில் வைன்ஹைம் என்ற ஊரில் பிராய்டன்பர்க் என்ற தோல் பதனிடும் கம்பெனி இருந்தது. 1929-இல் உலகம் முழுவதும் வியாபாரம் படுத்தபோது, அந்தக் கம்பெனி தன்னிடம் இருந்த தோலில் மோட்டார்களுக்கு சீல் செய்ய ஆரம்பித்தது. 1930-களில் செயற்கை ரப்பர் வந்தது. தோல் விடைபெற்றது. இன்றும் உலகில் சீல் செய்யும் பெரிய கம்பெனிகளில் அதுவும் ஒன்று.

ரப்பருக்கு ஒரு குணம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அது எண்ணெயில் ஊறி மிருதுவாக இருக்கும். வருஷக்கணக்கில் நிற்கும் வண்டியில் காய்ந்து கல்லாகிவிடும். கொட்டகையில் நின்ற கார் ஓடிய காரைவிட அதிகம் ஒழுகுவது இதனால்தான்.

குண்டடம் பக்கம் இன்னொரு எதிரியும் உண்டு. அது காற்று! ஆடி மாதக் காற்றின் வேகம் அந்தப் பக்கத்தாருக்குத் தெரியும். காற்றாலைகள் சும்மாவா வந்து நின்றன? அந்தக் காற்றில் வரும் புழுதி சீலின் உதட்டில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு அது உப்புத்தாள் போல வேலை செய்கிறது. ரப்பர் மட்டும் தேய்வதில்லை. இரும்புத் தண்டே தேய்ந்து, நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்துவிடுகிறது.

"பேர் வேண்டாமுங்க!"

சரி, புது சீல் வாங்கலாம் என்று புறப்பட்டால் அடுத்த சங்கடம். அம்பாசிடர் கார் இப்போது உற்பத்தி ஆவதில்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற காரைப் பார்த்து, இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1950-களின் கடைசியில் அதைச் செய்யத் தொடங்கியது. கொல்கத்தா அருகே உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. மூன்று வருஷம் கழித்து, 80 கோடி ரூபாய்க்கு அந்தப் பெயரையே பிரான்ஸ் நாட்டு பூஜோ கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

கடைக்குப் போய், "அம்பாசிடருக்கு பினியன் சீல் இருக்குங்களா?" என்று கேட்டால், புதுக் கார் சாமான் விற்கிற கடைக்காரர் உதட்டைப் பிதுக்குகிறார்.

ஆனால் அதே தெருவில் பேரிங் கடை ஒன்று இருக்கும். அங்கே கேட்டுப் பாருங்கள். "வண்டிப் பேரு வேண்டாமுங்க, அளவைச் சொல்லுங்க!" என்பார்.

விஷயமே இதுதான். ஆயில் சீலுக்கு வண்டிப் பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்தது மூன்று எண்கள் மட்டுமே. உள் விட்டம், வெளி விட்டம், கனம். 35, 52, 7 என்று சீலில் எழுதியிருந்தால், 35 மில்லிமீட்டர் தண்டு, 52 மில்லிமீட்டர் துவாரம், 7 மில்லிமீட்டர் கனம் என்று அர்த்தம். அந்த சீல் காரிலும் போகும், தண்ணீர் பம்பிலும் போகும், கம்ப்ரசரிலும் போகும்.

இந்த வகையில் குண்டடத்துக்காரர்கள் பாக்கியசாலிகள். ஒரு பக்கம் திருப்பூர் பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும். இன்னொரு பக்கம் பல்லடம் விசைத்தறிகள். காங்கயத்தில் அரிசி ஆலைகள், தேங்காய் எண்ணெய் ஆலைகள். சுழலும் எந்திரம் இருக்கும் இடத்தில் பேரிங், பெல்ட், ஆயில் சீல் கடை இல்லாமல் இருக்காது. அங்கேயும் கிடைக்காத அளவு கோயம்புத்தூரில் கிடைக்கலாம். அது மோட்டார் பம்பு செய்யும் ஊர் ஆயிற்றே!

அங்குலமா, மில்லிமீட்டரா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அம்பாசிடர் இங்கிலாந்து வழிக் கார். அதன் அளவுகள் அங்குலத்தில் பிறந்தவை. சென்னைக்கு அருகே வண்டலூரில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரும் அப்படியே. பம்பாயில் செய்யப்பட்ட பியட் இத்தாலி வழி வந்தது. அது மில்லிமீட்டர் கார். ஆகவே பியட்காரருக்கு சீல் தேடுவது சுலபம்.

ஒரு அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர். உதாரணத்துக்கு, தண்டு ஒன்றரை அங்குலம் என்றால் 38.1 மில்லிமீட்டர். கடையில் 38 இருக்கிறது. வாங்கலாமா? வாங்கலாம். ரப்பர் உதடு அந்தச் சிறு வித்தியாசத்தைத் தாங்கும். ஆனால் துவாரம் இரண்டேகால் அங்குலம் என்றால் 57.15 மில்லிமீட்டர். 57 மில்லிமீட்டர் சீலை அதில் போட்டால் லொடலொடவென்று இருக்கும். உள்ளே எண்ணெய் நிற்கும், வெளிச்சுற்று வழியாக ஒழுகும்! வெளி விட்டம் இறுக்கமாகத் தட்டி உட்கார வேண்டும். அதில் சலுகை கிடையாது. சரியான அங்குல சீல் கிடைக்காவிட்டால், லேத் பட்டறையில் துவாரத்துக்கு ஒரு வளையம் கடைந்து போட்டு, மில்லிமீட்டர் சீலைப் பொருத்துகிறார்கள்.

பழைய சீலைக் கழற்றியதும் தூக்கி எறிந்துவிடக் கூடாது. நசுங்கிப் போனாலும் அதுதான் சாட்சி. எண் அழிந்திருந்தால், வெர்னியர் அளவுகோல் வைத்துத் தண்டையும் துவாரத்தையும் அளக்க வேண்டும். கிழிந்த ரப்பரை அளந்தால் தப்பாகத்தான் வரும்.

"ஒரிஜினல் டப்பாவிலேயே இருக்கிறது, அந்தக் காலத்துச் சாமான்" என்று யாராவது நீட்டினால் உடனே மயங்கிவிடாதீர்கள். டப்பாவில் 40 வருஷம் இருந்த ரப்பர், காரில் 40 வருஷம் இருந்த ரப்பரைப் போலத்தான். நகத்தால் உதட்டை அழுத்தினால் அது திரும்பி வர வேண்டும். வெடிப்பு தெரிந்தால், டப்பாவோடு திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் ஒழுகும். அதற்கு மெல்லிய எஃகுச் சட்டை விற்கிறது. தண்டின் மேல் அதை மாட்டிவிடலாம். இடம் இருந்தால், சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்து, உதடு புது இடத்தில் ஓடும்படி செய்யலாம். இதற்குக் காசு செலவே இல்லை!

இல்லாத சீலைத் தேடலாமா?

பழைய அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சினில் ஒரு வேடிக்கை உண்டு. கிராங்க் தண்டின் பின்முனையில் எண்ணெய் கசிகிறது. சீல் வாங்கி வா என்று ஆள் அனுப்புவார்கள். ஊரெல்லாம் சுற்றினாலும் கிடைக்காது. ஏனென்றால், அங்கே ரப்பர் சீலே கிடையாது! தண்டில் திருகு மரை போன்ற ஒரு வரி வெட்டியிருக்கிறார்கள். தண்டு சுழலும்போது அந்த மரை எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளுகிறது. எஞ்சின் நின்றதும் ஒரு சொட்டு விழுவது அந்தக் காருக்கு இயல்பு. அதிகமாக வழிந்தால், பேரிங் தேய்ந்திருக்கிறதா, எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூச்சுக்குழாய் சங்கதி பின் அச்சுக்கும் பொருந்தும். ஓடி ஓடிச் சூடேறும்போது உள்ளே காற்று விரியும். அது வெளியேற ஒரு சிறு துவாரம் உண்டு. சேறும் தூசியும் அதை அடைத்துவிட்டால், காற்று எண்ணெயை சீல் வழியாகத் தள்ளும். மூன்று முறை சீல் மாற்றியும் ஒழுக்கு நிற்கவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள், ஒரு ஊசியை எடுத்து அந்தத் துவாரத்தைக் குத்திப் பார்க்கட்டும்.

ஜோடி பிரியாத பற்சக்கரங்கள்

சீல் மாற்றுவதற்காகப் பிரிக்கும்போதுதான் மற்ற நோய்களும் தெரியவரும். கியர் போட்டுக் கிளம்பும்போது "டக்" என்று ஒரு சத்தம் வருகிறதா? எஞ்சின் சக்தியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டின் இரு முனையிலும் சிலுவை வடிவில் ஒரு சாமான் இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை "கிராஸ்" என்பார்கள். அதன் நான்கு கிண்ணங்களிலும் ஊசி போன்ற உருளைகள் உண்டு. அவை காய்ந்து துருப்பிடித்தால் சத்தம் வரும். கிண்ணத்தின் விட்டம், கிண்ணத்துக்குக் கிண்ணம் உள்ள நீளம் இரண்டும் தெரிந்தால் கிராஸையும் அளவு சொல்லி வாங்கிவிடலாம்.

ஆனால் கிரவுன் சக்கரமும் பினியனும் அளவுக்கு மசிவதில்லை. அவை புருஷன் பெண்சாதி மாதிரி. தொழிற்சாலையிலேயே இரண்டையும் சேர்த்து உரசி, ஜோடி சேர்த்து அனுப்புகிறார்கள். ஒரு காரின் கிரவுனையும் இன்னொரு காரின் பினியனையும் சேர்த்தால் சண்டைதான்! ஊளையிடும், பல் உடையும். பல்லை எண்ணி, எண்ணைப் பார்த்து, ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். முடிந்தால் கூட்டோடு முழுசாக வாங்குவது உத்தமம்.

இதற்கு பேரிங் கடை உதவாது. காயலான் கடைதான் கதி. சென்னையில் புதுப்பேட்டை. டில்லியில் காஷ்மீரி கேட். கொல்கத்தாவில் மல்லிக் பஜார். அம்பாசிடருக்குக் கடைசியில் சொன்னதுதான் விசேஷம். அந்த நகரத்தில் மஞ்சள் டாக்சிகள் எல்லாம் அம்பாசிடர்களாகவே ஓடின. 15 வருஷம் ஆனவை சாலையிலிருந்து நீக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் உடல் உறுப்புகள் கடைக்கு வருகின்றன.

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் பாடு வேறு. 1961-இல் வந்த அந்தக் காரின் தொழிற்சாலை 1980-களின் இறுதியிலேயே ஓய்ந்துவிட்டது. உள்ளூரில் சாமான் அபூர்வம். ஆனால் இங்கிலாந்தில் அதன் உடன்பிறப்பான டிரையம்ப் ஹெரால்டுக்கு இன்றும் புதிதாகச் சாமான் செய்து விற்கிறார்கள். தபாலில் வரும், சுங்க வரி கட்ட வேண்டும். வண்டி மாடலும் எஞ்சின் எண்ணும் சரியாகச் சொல்லாவிட்டால் பணம் வீண்.

வெள்ளைக்காரரிடமிருந்து நாம் வாங்குவது மட்டுமல்ல. அவர்களும் இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். 1990-களில் மோரிஸ் மைனர் காருக்கு வேண்டிய தகட்டுச் சாமான்களை இலங்கையில் செய்து, இங்கிலாந்தில் பாத் நகரத்துக்குக் கப்பலில் அனுப்பினார்கள். பிறந்த நாட்டில் அச்சுகள் ஓய்ந்தபிறகு, இலங்கைத் தொழிலாளர்களின் கையால் அந்தக் கார் பிழைத்தது!

புத்தகத்தையும் தேடுங்கள்

சாமான் தேடும் வேகத்தில் காரின் பதிவுப் புத்தகத்தை மறந்துவிடுகிறார்கள். தாராபுரம் தாலுகா முன்பு கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1979-இல் பெரியார் மாவட்டத்துக்குப் போனது. அதுவே பிறகு ஈரோடு மாவட்டம் ஆனது. 2009-இல் திருப்பூர் மாவட்டத்துக்கு வந்தது. கார் கொட்டகையை விட்டு நகராமலே மூன்று மாவட்டங்களைப் பார்த்துவிட்டது! எனவே, பழைய பதிவு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

முதல் பதிவிலிருந்து 50 வருஷத்துக்கு மேல் ஆன கார்களுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிவு செய்ய 20 ஆயிரம் ரூபாய் கட்டணம் என்றும், பதிவு 10 வருஷம் செல்லும் என்றும் அதில் சொல்லப்பட்டது. எண் பலகையில் "வி.ஏ." என்ற எழுத்துக்கள் வரும். தினசரி ஓட்டவும் வாடகைக்கு விடவும் கூடாது. காரின் சட்டம், கூடு, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கவும் கூடாது. ஆயில் சீலும் கிராஸும் மாற்றுவது இந்தக் கணக்கில் வராது. ஆனால் ஒழுகும் எஞ்சினோடு மல்லுக்கட்ட முடியாமல், வேறு கம்பெனி டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்தவர்களுக்கு அந்த எண் பலகை கிடைப்பது கஷ்டம்.