ஈரச் சாணைப் பட்டறையில் இரும்புறுப்புகளின் துருத்தடுப்பு: உசிலம்பட்டி வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

அரிவாள், உளி, இழைப்புளி முதலிய கருவிகளுக்கு நீர் விட்டுச் சாணை பிடிக்கும் பட்டறைகளில், கூர்மை தரும் நீரே சாணையின் அச்சு, திருகாணி, நட்டு, வில்லை, தாங்கி ஆகிய இரும்புறுப்புகளை அரிக்கிறது. இவ்வரிப்பு தோற்றக் குறைபாடு மட்டுமன்று. சக்கரம் வெடிப்பதற்கும் காரணமாகலாம். மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டி வட்டாரச் சூழலை முன்வைத்து, துரு உண்டாகும் முறை, ஈரச் சாணையில் அது குவியும் இடங்கள், மரபுவழித் தடுப்பு முறைகளின் அறிவியல் அடிப்படை, இன்றைய நடைமுறைகளின் பயனும் எல்லையும் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. துருவின் ஆற்றல் வேலை நேரத்தைவிட ஓய்வு நேரத்திலேயே மிகுதி என்பதும், தடுப்பு அந்நேரத்தை நோக்கியே அமைய வேண்டும் என்பதும் இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: துரு, சாணை, கொல்லுப்பட்டறை, அரிப்புத் தடுப்பு, உசிலம்பட்டி, புறநானூறு.

முன்னுரை

புறநானூற்றின் 95ஆம் பாடல், ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றபோது பாடியது. தொண்டைமானின் படைக்கருவிகள் பீலியும் மாலையும் சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்றுக் காவல்மிக்க மனையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்ந்தும் இகழ்வதுபோல் புகழ்ந்தும் செல்லும் இப்பாடலை அணியிலக்கண நோக்கில் விளக்குவதே பெருவழக்கு. பொருட்பண்பாட்டு நோக்கில் இதில் வேறொரு செய்தியும் உண்டு. பயன்படாது வைக்கப்படும் இரும்புக்கு நெய் தேவைப்படுகிறது. இடையறாது பயன்படும் இரும்புக்குக் கொல்லன் தேவைப்படுகிறான். இரும்பைப் பேணுவதன் இரு கூறுகளாகிய பூச்சும் சாணையும் இப்பாடலில் எதிரெதிராக நிற்கின்றன.

ஈரச் சாணைப் பட்டறையில் இவ்விரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அங்கே கூர்மை பெறும் கருவி சில நிமிடங்களில் துடைக்கப்பட்டு உரியவரிடம் போய்ச் சேர்கிறது. சாணையின் உறுப்புகளோ இரவும் பகலும் ஈரத்திலேயே இருக்கின்றன. அவ்வுறுப்புகளைப் பேணுவது பற்றித் தமிழில் எழுதப்பட்டவை குறைவு. அக்குறையை ஓரளவு நிரப்ப இக்கட்டுரை முற்படுகிறது.

உசிலம்பட்டி வட்டாரச் சூழல்

உசிலம்பட்டி, மதுரைக்கு மேற்கே தேனி செல்லும் சாலையில் அமைந்த நகரம். சுற்றியுள்ள சிற்றூர்களின் வேளாண்மை மழையையும் கண்மாயையும் கிணற்றையும் பெரிதும் சார்ந்தது. வைகை அணையிலிருந்து நீர் கொணரும் 58 கிராமக் கால்வாய்த் திட்டத்திற்கான நெடுநாள் கோரிக்கையே இவ்வட்டார நீர்நிலையை உணர்த்தப் போதுமானது. கதிர் அரிவாள், வெட்டரிவாள், மண்வெட்டி, கோடரி ஆகியவை இங்கு அன்றாடக் கருவிகள். மதுரைக்குக் கிழக்கே சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

துருவைப் பொறுத்தவரை இச்சூழலில் இரு கூறுகள் முதன்மையானவை. ஒன்று, நீரின் தன்மை. இது கடினப் பாறைப் பகுதி. ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினத்தன்மையும் உப்பும் கொண்டது. தொட்டியில் நீர் ஆவியாக ஆவியாக உப்பின் செறிவு கூடுகிறது. குறைந்த நீருக்கு மேல் புதுநீர் ஊற்றிக்கொண்டே வந்தால் சில வாரங்களில் தொட்டி நீர் கிணற்று நீரைவிடப் பன்மடங்கு உப்பேறியதாகிவிடும். மற்றொன்று, பருவம். ஆண்டின் பெரும்பகுதி வறண்ட வெயில் நிலவும் இவ்வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை காற்றின் ஈரப்பதத்தை உயர்த்துகிறது. ஏனைய மாதங்களில் தானே உலரும் உறுப்புகள் அம்மாதங்களில் உலர்வதில்லை.

துரு உண்டாகும் முறை

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிசனும் ஒருசேர வேண்டும். ஈரமான இரும்புப் பரப்பில் ஓரிடத்தில் இரும்பு அயனிகளாகக் கரைந்து மின்னணுக்களை விடுகிறது. மற்றோரிடத்தில் நீரில் கரைந்த ஆக்சிசன் அம்மின்னணுக்களை ஏற்று ஹைட்ராக்சைடு அயனிகளாகிறது. இவை இணைந்தும் மேலும் ஆக்சிசனேற்றம் பெற்றும் நீரேறிய இரும்பு ஆக்சைடாகப் படிகின்றன. அதுவே துரு. உப்பு நீரின் மின்கடத்துதிறனைக் கூட்டி இச்சுற்றை விரைவுபடுத்துகிறது. குளோரைடு அயனிகள் இரும்பின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தையும் சிதைக்கின்றன.

ஆக்சிசன் எல்லா இடத்திலும் ஒரே அளவில் கிடைக்காதபோது, அது குறைவாக உள்ள இடமே கரைகிறது. ஒரு நீர்த்துளியின் விளிம்பில் காற்று எளிதில் புகுவதால் அங்கே ஆக்சிசன் மிகுதி; நடுவில் குறைவு. ஆகவே துளியின் நடுப்பகுதி அரிக்கப்படுகிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூ. ஆர். எவன்ஸ் இதனைச் செய்முறையில் காட்டினார். நட்டின் அடியிலும் வில்லையின் இடுக்கிலும் சகதி படிந்த பரப்பின் கீழும் நிகழ்வது இதுவே. வெளியே பளபளக்கும் திருகாணி உள்ளே மெலிந்திருப்பதன் காரணமும் இதுதான்.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடக்கும்போது துருவேற்றம் திடீரென விரைவுபெறும் என்பதை வெர்னானின் ஆய்வுகள் புலப்படுத்தின. தூசியும் உப்பும் படிந்த பரப்பில் இவ்வரம்பு மேலும் தாழும். தில்லி இரும்புத்தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாகத் துருவுக்குப் பெரிதும் தப்பி நிற்பதற்கு அதன் பாசுபரசு மிகுதியும் அதனால் விளைந்த காப்புப் படலமும் காரணம் என்று ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார். இன்றைய மென் எஃகில் பாசுபரசு மிகக் குறைந்த அளவிலேயே விடப்படுகிறது. ஆகவே பட்டறைத் திருகாணிக்கு அத்தூணின் நல்வாய்ப்பு இல்லை.

அரிவியல் ஆய்வில் மதுரைப் பகுதிக்கு அருகிலேயே சிறந்த களம் உண்டு. அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அடித்தளமாக, 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைத் தன் முதன்மைத் துறைகளுள் ஒன்றாகக் கொண்டது.

நீரைத் தவிர்க்க இயலாமை

துருவுக்கு நீரே காரணமெனில் உலர்சாணை பிடிக்கலாமே என்ற வினா எழும். இதற்கு இரு தடைகள் உள்ளன. முதலாவது பதம். அரிவாளின் பதம் பொதுவாக 200 முதல் 300 பாகை செல்சியசு அளவிலான வெப்பத்தில் அமைவது. உலர்சாணையில் மெல்லிய விளிம்பு நொடிகளில் இவ்வெப்பத்தைக் கடக்கும். விளிம்பில் நீலநிறம் தோன்றினால் அங்கே பதம் போயிற்று என்பது பொருள். இரண்டாவது தொழிலாளியின் நுரையீரல். மணற்கல் சாணையின் உலர்தூளில் உள்ள சிலிக்கா, சிலிக்கோசிசு என்னும் மீளா நோயை உண்டாக்கும். நீர் அத்தூளை அடக்குகிறது. ஆகவே நீரை விலக்காமல் துருவை விலக்குவதே தீர்வு.

துரு குவியும் இடங்களும் அதன் இடரும்

முதலிடம் அச்சும் கல்லின் நடுத்துளையும் சேரும் இடம். துரு தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருமன் கொள்ளக்கூடியது. அச்சில் துரு பருக்கும்போது அது கல்லை உள்ளிருந்து நெருக்குகிறது. கல்லும் மட்பிணைப்புச் சக்கரமும் அமுக்கத்தைத் தாங்கும். உள்ளிருந்து விரிக்கும் இழுவிசையைத் தாங்கா. துளையிலிருந்து தொடங்கும் மயிரிழை விரிசல், சுழற்சியின்போது சக்கரத்தைப் பிளக்கலாம்.

இரண்டாவது, பக்கத் தட்டுகளும் அவற்றை இறுக்கும் நட்டும். துருவால் இறுகிய நட்டைச் சுத்தியலால் அடித்துக் கழற்றுவது கல்லுக்கு ஊறு. மரை அரிக்கப்பட்ட நட்டோ சுழற்சியில் தளரும். மூன்றாவது, தாங்கி. சோடியம் சோப்பு அடிப்படையிலான கிரீசு நீரில் கரைந்து வெளியேறும். கால்சியம் அல்லது லித்தியம் வகைக் கிரீசு நீரைத் தாங்கும். நான்காவது, தொட்டியின் அடிச்சகதி. கருவிகளிலிருந்து உதிரும் இரும்புத்தூள் மிக நுண்ணியதாகையால் விரைந்து துருவாகித் தொட்டியிலும் சட்டத்திலும் செந்நிறமாகப் படிகிறது.

சக்கரத்தின் கீழ்ப்பகுதி இரவு முழுவதும் நீரில் ஊறுவது துருவோடு சேர்ந்த மற்றோர் இடர். ஒரு பக்கம் மட்டும் நீரை உறிஞ்சிய சக்கரம் எடைச் சமன் இழக்கிறது. மறுநாள் ஓட்டத் தொடங்கியதும் அதிர்வு எழுந்து, துருவேறிய அச்சையும் மெலிந்த திருகாணியையும் தாக்குகிறது.

மரபுவழிப் பூச்சுகள்

இரும்பைப் பூச்சால் காக்கும் வழக்கம் தமிழகத்தில் தொன்மையானது என்பதற்கு மேற்கண்ட புறப்பாடலே சான்று. எண்ணெயின் பணி நீரையும் ஆக்சிசனையும் பரப்பினின்று விலக்குவது. ஆயினும் எல்லா எண்ணெயும் ஒன்றன்று. விளக்கெண்ணெய் உலராத்தன்மையும் மிகுந்த பிசுக்கும் உடையது. உலோகத்தில் நன்கு ஒட்டி நிற்கும். தேங்காயெண்ணெயும் உலராதது. நல்லெண்ணெய் அரைகுறையாக உலர்ந்து பிசினாகி, திருகாணி மரையில் தூசியைச் சேர்க்கும். எவ்வெண்ணெயும் சிக்கேறினால் அதில் விடுபடும் கொழுப்பு அமிலங்கள் இரும்பையே அரிக்கத் தொடங்கும். ஆகவே பழைய எண்ணெயின்மேல் புதிய எண்ணெய் பூசாமல் துடைத்துவிட்டுப் பூச வேண்டும்.

புளி துருவைக் கரைப்பது அதன் டார்டாரிக் அமிலத்தால். கரைத்தபின் அமிலம் எஞ்சினால் மீண்டும் துரு ஏறும்; நன்கு கழுவி உலர்த்தி எண்ணெய் இடுவது இன்றியமையாதது. கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இரும்புடன் கூடிக் கருநிறச் சேர்மமாகிறது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை செய்த பழைய முறையும் இவ்வினையே. துருவேறிய சட்டத்தில் கடுக்காய்ச் சாறு பூசினால் துருவின் ஒரு பகுதி நிலையான கரும்படலமாகும். இன்றைய துருமாற்றுப் பூச்சுகள் பலவும் இத்துவர்ப்புப் பொருளையே பயன்படுத்துகின்றன. சாம்பல் உலர்ந்திருக்கும்வரை நன்று. ஆனால் அதிலுள்ள பொட்டாசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை ஈர்க்குமாதலால் மழைமாதங்களில் சாம்பலில் புதைத்த கருவி நனையும்.

தொட்டி நீரைத் திருத்தல்

நீரின் பிஎச் மதிப்பு ஏறத்தாழ 10க்கு மேல் உயரும்போது இரும்பின் பரப்பில் காப்புப் படலம் நிலைக்கிறது. நூறு பங்கு நீரில் ஒரு பங்கு சலவைச் சோடா கரைத்தால் பிஎச் 11 அளவை எட்டும். அது கடின நீரின் கால்சியத்தையும் வெண்படிவாக வீழ்த்தும்; அப்படிவைத் தெளியவிட்டு மேல்நீரைப் பயன்படுத்தலாம். இதன் எல்லைகளையும் அறிதல் வேண்டும். உப்பு மிகுந்த நீரில் இக்காப்பு குறையும். பிசின் பிணைப்புச் சக்கரங்களைக் காரநீர் நலிவிக்கும். மணற்கல்லுக்கும் மட்பிணைப்புச் சக்கரத்திற்குமே இது பொருந்தும். அலுமினிய உறுப்புகளையும் கைத்தோலையும் காரநீர் தாக்கும். சோடியம் நைட்ரைட்டு சிறந்த தடுப்பானாயினும் நச்சுத்தன்மை உடையது. வெறுங்கையால் வேலை செய்யும் சிறு பட்டறைக்கு ஏற்றதன்று.

மாலை நேரப் பராமரிப்பு

மேற்கண்டவை அனைத்தும் ஒரே நடைமுறையில் வந்து கூடுகின்றன. வேலை முடிந்ததும் தொட்டி நீரை முழுவதும் வெளியேற்றி, நீரின்றிச் சக்கரத்தைச் சில நிமிடம் ஓட்டினால் ஊறிய நீர் உதறப்படும். சகதியை அள்ளி அகற்ற வேண்டும். தொட்டியில் துணியில் சுற்றிய காந்தம் ஒன்றை இட்டுவைத்தால் இரும்புத்தூள் அதில் திரளும். அச்சு முனை, நட்டு, தட்டு ஆகியவற்றை உலர்துணியால் துடைத்து எண்ணெய் தொட்ட துணியால் மெல்லப் பூசினால் போதும். சக்கரத்தின் மேற்பரப்பில் எண்ணெய் படலாகாது. பட்டால் கல் வழுக்கும். நட்டின் மரைக்குக் கிரீசு இட்டு இறுக்குவது அடுத்த முறை சுத்தியலின்றிக் கழற்ற உதவும்.

ஆயுதபூசை இங்கே தனிக்கவனம் பெறத்தக்கது. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னர் வரும் அந்நாளில் எல்லாக் கருவிகளும் கழுவித் துடைக்கப்படுகின்றன. அச்சைக் கழற்றிப் பார்க்கவும், விரிசலறியக் கல்லை மரத்தால் தட்டி ஓசை கேட்கவும், தேய்ந்த திருகாணியை மாற்றவும் அதனினும் ஏற்ற நாள் இல்லை. ஆனால் ஈரச் சந்தனமும் மஞ்சளும் வெற்றிரும்பில் நாள்கணக்கில் இருப்பின் அவற்றின் கீழ் ஈரம் தங்கும். வழிபாடு முடிந்து வேலை தொடங்கும் நாளில் அவற்றைத் துடைத்து எண்ணெய் இடுவது வழிபாட்டின் நோக்கத்தோடு ஒத்ததே.

முடிவுரை

ஈரச் சாணையின் இரும்புறுப்புகளை அரிப்பது நீர் மட்டுமன்று. நீர் தங்கும் நேரமும் இடுக்கும் உப்பும் சேர்ந்தே அரிக்கின்றன. உசிலம்பட்டி போன்ற வட்டாரத்தில் உப்பேறும் தொட்டி நீரும் மழைமாத ஈரமும் இதனை மிகுவிக்கின்றன. தடுப்புக்கு வேண்டிய பொருள்களாகிய துணி, விளக்கெண்ணெய், கிரீசு, சலவைச் சோடா ஆகியவை விலைமிக்கவை அல்ல. நாள்தோறும் கால்மணி நேரமே வேண்டுவது. அக்கால்மணி தவறுமிடத்து இழப்பு ஒரு திருகாணியோடு நிற்பதில்லை. சுழலும் கல்லுக்கு எதிரே அமர்ந்திருப்பவரின் உயிர்வரை அது செல்லலாம். நெய் பூசிய வேலையும் கொல்லன் பட்டறையில் கிடந்த வேலையும் எதிர்நிறுத்தியது புறப்பாடல். சாணைப் பட்டறையிலோ உழைக்கும் இரும்புக்கே நெய்யும் வேண்டும்.